மார்ட்டன் பூசணியும் டிகாஷனும்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியோரியாவில். ஆற்றைத் தாண்டிப் பத்து மைல் போனால் மார்ட்டன் என்று ஒரு சிறிய ஊர். இந்த நாட்டுக் கடைகளில் டின்னில் அடைத்து விற்கும் பூசணி விழுதில் பெரும்பகுதி அந்த ஊரில் இருக்கும் லிப்பீஸ் ஆலையிலிருந்து வருகிறது. ஆகஸ்டில் அறுவடை தொடங்கிவிட்டால் பூசணி ஏற்றிய லாரிகளைச் சாலையில் அடிக்கடி பார்க்கலாம். செப்டம்பரில் பூசணித் திருவிழா. பூசணி ஐஸ்கிரீம், பூசணி டோனட், பூசணி பான்கேக் என்று ஊரே மஞ்சளாகிவிடும்.

அந்த வயல்களில் விளைவது ஹாலோவீன் பண்டிகைக்கு வாசலில் வைக்கிற பளபளப்பான ஆரஞ்சுப் பூசணி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. ஆலைக்குப் போவது டிக்கின்சன் என்ற ரகம். வெளிறிய பழுப்புத் தோல், கொஞ்சம் நீளவாக்கான உருவம், உள்ளே கெட்டியான சதை. நம் ஊர்ப் பரங்கியும் இதுவும் குகர்பிட்டா மொஸ்காட்டா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கடையில் வாங்கிய டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தபோது எங்கள் வீட்டுப் பரங்கிக்காய்க் கூட்டு ஞாபகம் வந்ததற்குக் காரணம் இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இலை நிறம் மாறத் தொடங்கினால் எங்கள் வீட்டில் பம்ப்கின் பை காபி போட ஆரம்பித்துவிடுவோம். பம்ப்கின் பை (pie) என்பது மாவுத் தட்டில் பூசணிப் பூரணம் நிரப்பிச் சுடும் இந்த நாட்டு இனிப்பு. அதன் சுவையில் போடும் காபி இது. ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த எனக்குக் காபியில் எதையாவது கலப்பது முதலில் மனதுக்கு ஒப்பவில்லை. நன்றாகச் செய்த ஒரு கப்பைக் குடித்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. பல இலையுதிர் காலங்களாகச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்று. இனிப்புப் பண்டத்தின் சுவை காபியில் வரவேண்டும் என்றால் சர்க்கரையைக் கூட்டிப் பயன் இல்லை. அந்தப் பண்டம் அடுப்பில் எப்படியெல்லாம் வெந்து மாறுகிறதோ அந்த வேலையை நாம் காபிக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். பூசணி வதங்க வேண்டும், வெண்ணெய் சிவக்க வேண்டும், மசாலா கொழுப்பில் பொரிய வேண்டும்.

இந்த பானத்தைக் கடைகளில் பிரபலமாக்கியது ஸ்டார்பக்ஸ். 2003இல் முதலில் சில ஊர்களில் மட்டும் விற்றுப் பார்த்தார்கள். அதை உருவாக்கிய குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பீட்டர் டியூக்ஸ். அந்தக் குழு ஒரு வாய் பம்ப்கின் பை சாப்பிட்டு, மேலே ஒரு மிடறு எஸ்பிரெஸ்ஸோ குடித்து, பையின் எந்தச் சுவை காபியோடு சேர்ந்து மேலெழுகிறது, எது அமுங்குகிறது என்று பார்த்ததாம். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் இதை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். கடையில் ஒரு துண்டு பை வாங்கி வந்து, ஒரு வாய் சாப்பிட்டு, சர்க்கரை போடாத காபியை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். பட்டையும் வெண்ணெயும் மேலே வரும். பூசணி பின்னால் தள்ளிப்போகும். நாக்கில் கடைசிவரை நிற்பது அடியில் இருக்கிற மாவுத் தட்டின் வறுத்த வாசம். ஆக நம் கப்பில் எதற்கு அதிக உழைப்புத் தேவை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பூசணி விழுதை வதக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவர். நன்றி நவிலும் நாளுக்கு ஒவ்வொரு வருடமும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பம்ப்கின் பை வரும். எப்படி இவ்வளவு மணமாக வருகிறது என்று கேட்டேன். டின்னைத் திறந்து அப்படியே கொட்டினால் டின் வாசமும் பச்சை வாசமும் போகாது, முதலில் சட்டியில் போட்டு ஈரம் வற்றும்வரை கிளற வேண்டும் என்றார். கேட்டதும் எனக்குக் காசி அல்வாதான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் பூசணியின் தண்ணீர் சுண்டிய பிறகுதானே சுவையே பிறக்கிறது!

டின் வாங்கும்போது லேபிளை நன்றாகப் பாருங்கள். வெறும் பூசணி விழுது ஒரு டின். பைக்கான பூரணம் என்று இன்னொரு டின். அதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இரண்டும் அலமாரியில் அருகருகே, கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது முதல் வகை. ஹாலோவீன் முடிந்ததும் மிச்சமாகும் பெரிய ஆரஞ்சுப் பூசணியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நாரும் தண்ணீரும்தான் அதில் அதிகம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நன்கு பழுத்த பரங்கிக் கீற்றைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, சதையை வழித்து, மிக்ஸியில் அரைத்துக்கொண்டால் போதும். வேகவைத்ததை ஒரு வடிகட்டியில் சிறிது நேரம் வைத்து நீரை இறக்கிவிட்டு அரைப்பது நல்லது. டின்னைவிட இது மணமாகவே இருக்கும்.

இனி விழுது தயாரிக்கும் முறை. எட்டு கப் காபிக்கு வரும் அளவு இது. அடி கனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயைப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். உருகி, நுரைத்து, நுரை அடங்கி, அடியில் பழுப்பாகத் துகள்கள் படியத் தொடங்கும். வீட்டில் வெண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு அந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். நெய்க் கசண்டு சிவக்கிற நேரம். அதை வடிகட்டி எறியக் கூடாது. பையின் அடித்தட்டில் வருகிற வறுத்த மாவு வாசத்துக்கு மிக நெருக்கமாக நம் கையில் இருப்பது அந்தக் கசண்டுதான். கடைகளில் கிடைக்கும் சிரப்பில் இந்த வாசம் எனக்குக் கிடைத்ததே இல்லை. பாட்டில் நெய்யை ஊற்றினாலும் வராது. ஏனென்றால் பாலின் திடப்பொருளை அதில் முன்பே நீக்கியிருப்பார்கள்.

கசண்டு சிவந்ததும் அரை கப் பூசணி விழுதைச் சேருங்கள். சடசடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் நிறம் அடர்ந்து, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பச்சை வாசம் போய்ச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி ஒரு மணம் எழும்பும். அதுதான் பதம்.

அப்புறம் மசாலா. லிப்பீஸ் டின்னில் 1950 முதல் அச்சாகி வரும் பை செய்முறையில் ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், கால் தேக்கரண்டி கிராம்புத் தூள் என்று போட்டிருக்கும். நாலுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு மனதில் நிற்க எளிது. அதில் ஜாதிக்காய் கிடையாது. கடையில் பம்ப்கின் பை ஸ்பைஸ் என்று விற்கும் பொடியில் பெரும்பாலும் ஜாதிக்காயும் ஆல்ஸ்பைஸ் என்ற வாசனைக் காயும் சேர்ந்திருக்கும். மெக்கார்மிக் நிறுவனம் அந்தக் கலவையை 1934இலேயே விற்க ஆரம்பித்துவிட்டது.

காபிக்கு நான் அந்தக் கணக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். பட்டை ஒரு தேக்கரண்டி, சுக்கு அரைத் தேக்கரண்டி, அப்போதே துருவிய ஜாதிக்காய் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக. கிராம்பு மட்டும் ஒரே சிட்டிகை. கிராம்பில் இருக்கும் யூஜினால் எண்ணெய்தான் பல்வலி மருந்துகளின் அந்த வாசத்துக்குக் காரணம். பையில் முட்டையும் பாலும் அதை அமுக்கிவிடும். காபியின் கசப்போடு சேர்ந்தால் கிராம்பு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. என் அம்மா நாகர்கோவிலிலிருந்து வரும்போது கொண்டுவரும் கிராம்புக்கு இன்னும் காரம் அதிகம். அந்த மலைப்பகுதியில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல கிராம்பு எவ்வளவு எண்ணெய்ப்பசையோடு இருக்கும் என்று அதை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும்.

பட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் பட்டைத் தூள் என்று கிடைப்பது பெரும்பாலும் கேசியா வகை. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். பை சாப்பிட்டுப் பழகிய நாக்கு எதிர்பார்ப்பதும் அந்த மணத்தையே. ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அளவுக்கு மீறித் தினமும் உள்ளே போனால் கல்லீரலுக்கு நல்லதல்ல. எப்போதாவது குடிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். சீசன் முழுக்க தினமும் குடிப்பீர்கள் என்றால் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுங்கள். தாள் போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் அதில் கூமரின் மிகக் குறைவு. மணம் மென்மையாக இருக்கும் என்பதால் அளவை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளலாம்.

மசாலாவை வதங்கிய பூசணியின் மேல் தூவி அரை நிமிடம் மட்டும் கிளறுங்கள். மணப் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். காபிக்கு மேலே பட்டைத் தூளைத் தூவினால் அது மிதந்துகொண்டே இருந்து, கடைசியில் கொழகொழவென்று அடியில் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணெயில் பொரிந்த மசாலா கப் முழுக்கப் பரவும். ஒரு சிட்டிகை போதும் இடத்தில் ஒரு கரண்டி கொட்ட வேண்டிய அவசியம் வராது.

இப்போது அரை கப் பழுப்புச் சர்க்கரை, அரை கப் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு. ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, ஒரு தேக்கரண்டி வெனிலா சேர்த்து, சூட்டோடு மெல்லிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். நாரும் பட்டைத் தூளின் திப்பியும் வடிகட்டியில் நின்றுவிடும். உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பானம் வெறும் இனிப்பாக, தட்டையாக இருக்கும். இந்த அளவில் ஒரு கப் காபிக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுது போட்டால் சேரும் சர்க்கரை 12 கிராம் போல வரும். கடையில் 16 அவுன்ஸ் கப் ஒன்றில் பாலின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்துச் சுமார் 50 கிராம் இருக்கும். வீட்டில் செய்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

வெல்லம் போடலாமா என்று இங்கே இருக்கும் தோழிகள் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், சுவையும் அருமையாக இருக்கும். பழுப்புச் சர்க்கரையைப் போல அதுவும் சற்றே அமிலத் தன்மை உள்ளது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாயசத்தில் கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன? இங்கேயும் அதே பக்குவம்தான். விழுதைப் பாலோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடக் கூடாது.

பால் திரிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அம்மா இங்கே இருந்த ஒரு அக்டோபரில் சுக்குத் தூள் தீர்ந்துபோய், இஞ்சியைத் தட்டிப் போடலாம் என்று எடுத்தேன். "இஞ்சிய நேரா பால்ல போடாதடி, திரிஞ்சிரும். தண்ணியில கொதிக்க வெச்சு அப்புறம் சேரு" என்றார். பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெய்ன் என்ற நொதி இருக்கிறது. பாலின் புரதத்தை வெட்டி உறையவைப்பது அதன் குணம். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இதையே பயன்படுத்தி, சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி ஒரு இனிப்புத் தயிரே செய்கிறார்கள். கொதி வந்தால் நொதி செயலிழந்துவிடும். இந்தப் பானத்துக்குச் சுக்குதான் பொருத்தம். பையிலும் சுக்குதான் போடுகிறார்கள், இஞ்சியின் பச்சைக் காரம் அதில் வராது.

சரி, காபிக்கு வருவோம். பூசணிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் காபி தொலைந்துபோகாமல் இருக்க டிகாஷன் கெட்டியாக இருக்க வேண்டும். எஸ்பிரெஸ்ஸோ எந்திரம் இருப்பவர்கள் இரண்டு ஷாட் எடுத்துக்கொள்ளலாம். அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட் என்ற பாத்திரமும் நல்ல தேர்வு. நான் பயன்படுத்துவது நம் பித்தளை ஃபில்டர். குவித்து மூன்று மேசைக்கரண்டி பொடி போட்டு, குடையை அழுத்தி வைத்து, 120 மில்லி கொதிநீர் ஊற்றினால் இறங்குகிற முதல் டிகாஷன் ஒன்றரை கப் பானத்துக்குச் சரியாக இருக்கும். இரண்டாம் டிகாஷனை இதற்குத் தொடவே வேண்டாம்.

சிக்கரி கலந்த பொடியைத்தான் நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். வறுத்த சிக்கரி வேருக்கு எரிந்த சர்க்கரையின் சாயல் உண்டு, புளிப்பு இல்லை, டிகாஷனுக்குக் கனமும் தரும். பையோடு அது சேர்வதைப் பார்த்தால் இந்த பானத்துக்காகவே சிக்கரி பிறந்ததோ என்று தோன்றும். இங்கே அது அந்நியப் பொருளும் இல்லை. லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் தலைமுறைகளாகச் சிக்கரி காபிதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகம் முடங்கிக் காபிக்கொட்டை கிடைக்காமல் போன காலத்தில் அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியது. இந்தியக் கடை பக்கத்தில் இல்லாதவர்கள் அந்த ஊர்ப் பெயரில் வரும் டின் காபியை வாங்கலாம். மாறாக, லேசாக வறுத்த, பழப் புளிப்புள்ள எத்தியோப்பியக் கொட்டை தனியாகக் குடிக்க எவ்வளவு அருமையாக இருந்தாலும் பூசணியோடு ஒத்துப்போகாது. புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் டம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி விழுது, அதன்மேல் 60 மில்லி சூடான டிகாஷன். கட்டியில்லாமல் நன்றாகக் கலக்கிவிட்டுக் கடைசியில் 150 மில்லி பால். பால் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இனிப்பும் நுரையும் நன்றாக வரும். விரல் பொறுக்காத சூடு, ஆனால் ஆவி பறக்கக் கொதிக்கக் கூடாது. நுரைக்க எந்திரம் வேண்டாம். பிரெஞ்சு பிரஸ்ஸில் சூடான பாலை ஊற்றி, அதன் கம்பியை மேலும் கீழுமாக இருபது தரம் இழுத்தால் பஞ்சு மாதிரி நுரைக்கும். நான் பெரும்பாலும் டவரா டம்ளரில் இரண்டு ஆற்று ஆற்றிவிடுவேன். பூசணி விழுது கனமானது, சும்மா விட்டால் அடியில் இறங்கிவிடும். ஆற்றும்போது ஒரே சீராகக் கலந்துவிடுகிறது, நுரையும் கூடவே கிடைத்துவிடுகிறது.

பையின் சுவையை இன்னும் நெருங்க வேண்டுமா? பாலில் கால் பங்கை எவாபரேட்டட் மில்க்காக மாற்றிப் பாருங்கள். லிப்பீஸ் செய்முறையில் பூசணியோடு சேர்வது அந்தச் சுண்டிய பால்தான். அதற்கென்று ஒரு காய்ச்சிய வாசம் இருக்கிறது, அது இல்லாமல் பை பையாக இருக்காது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுண்டிய பால் சேர்த்த கோப்பி சி குடித்துப் பழகியவர்களுக்கு அந்த வாசம் உடனே பிடிபடும். பால் சேராதவர்கள் ஓட்ஸ் பாலில் செய்யலாம், தானிய வாசம் பைத்தட்டின் மணத்தோடு நன்றாகப் பொருந்தும். பாதாம் பாலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காபியின் சூட்டிலும் புளிப்பிலும் அது சுலபமாகத் திரிந்துவிடுகிறது. மேலே விப்டு கிரீம் வைப்பது அவரவர் விருப்பம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிராம் கிராக்கர் பிஸ்கட்டைப் பொடித்துக் கிரீமின் மேல் தூவிக்கொள்வார்கள். அவர்களுக்கு டிகாஷனுக்குப் பதில் வெறும் பால்.

இதே முறையில் ஆப்பிள் கிரிஸ்ப் (ஆப்பிள் துண்டுகளின் மேல் மொறுமொறுப்பான மாவுத் தூவல் வைத்துச் சுடும் இனிப்பு) காபியும் செய்யலாம். இங்கே இலையுதிர் காலத்தில் தோட்டங்களில் ஆப்பிள் சைடர் என்று வடிகட்டாத புதுச் சாறு விற்பார்கள், போதை இல்லாதது. நான்கு கப்பை ஒரு கப்பாகச் சுண்டக் காய்ச்சி, பட்டையும் வெண்ணெயும் சேர்த்தால் கெட்டியான பாகு கிடைக்கும். அதில் புளிப்பு அதிகம் என்பதால் சூடான பால் உடனே திரியும். ஐஸ் போட்டுக் குளிர்ந்த ஓட்ஸ் பாலில் செய்வதே நல்லது. பெக்கான் பை காபிக்குப் பூசணிக்குப் பதில் வறுத்து அரைத்த பெக்கான் பருப்பும், சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் சிரப்பும். சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் என்பதால் விலை அதிகம். டார்க் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். வெளிர்நிறச் சிரப்பின் மென்மணம் காபிக்குள் காணாமல் போய்விடும்.

பூசணி விழுது கண்ணாடிப் பாட்டிலில், குளிர்பெட்டியில், ஒரு வாரம் இருக்கும். பூசணி சேர்ந்திருப்பதால் சாதா சர்க்கரைப் பாகு போல மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. 425 கிராம் டின்னில் நாம் எடுத்தது கால் பங்குக்குச் சற்றே அதிகம்தான், மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பழக்கம் இது: ஒரே நாளில் முழு டின்னையும் வதக்கி, அளவுகளை மூன்றரை மடங்காக்கி விழுது செய்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். சாதாரண ஐஸ் தட்டின் ஒரு குழியில் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும், அதாவது ஒரு கப்புக்கு ஒரு கட்டி. உறைந்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி வைத்தால் இரண்டு மூன்று மாதம் வரும். காலையில் கட்டியை டம்ளரில் போட்டுச் சூடான டிகாஷனை மேலே ஊற்றினால் கரைந்துவிடும். டிகாஷன் ஆறிப்போகும் என்பதால் அன்று மட்டும் பாலைக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு பண்ணுங்கள்.